துறையும் பொழுதும்: சாமுவேல் டானியலின் ஓவியங்கள்

தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என வகுத்தது. ஒன்றை விடுத்து மற்றொன்றைப் பாடும் கவிதை நிறைவெய்தாது. இவ்வளவுகோல் ஓவியத்திற்கும் பொருந்துமென்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தைப் படமாக்கிய ஆங்கில நீர்வண்ண ஓவியர் சாமுவேல் டானியலின் படைப்புக்களாற் காணலாம்.

டானியல் 1775 இல் ஓவியக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையின் உடன்பிறந்தாரான தோமஸும், தமையனாரான வில்லியமும் இந்தியாவெங்கும் சுற்றி, 1792 இல் மதுரை முதலிய தமிழ்நாட்டுத் தலங்களையும் வரைந்து புகழ்பெற்றவர்கள். சாமுவேலோ 1799 இல் தென்னாபிரிக்கா சென்று, பின்னர் இலங்கையை அடைந்தார். தேசாதிபதி மெயிற்லன்ட் அவரை வனப் பாதுகாவலராக நியமித்தார். இலங்கையின் காட்சிகள், விலங்குகள், மக்கள் ஆகியவற்றைக் காட்டும் பன்னிரண்டு படங்கள் கொண்ட அவரது நூல் 1808 இல் இலண்டனில் வெளிவந்தது.

நீர்வண்ணம் காலநிலைக்கு அடங்கிய கலை. அதில் வெண்மை என்பது தீட்டப்படுவதன்று. தாளின் வெண்மையே ஒளியாக விடப்படுவது. மெல்லிய நீர்ச்சாயத்தைப் படலம் படலமாகப் பூசி, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றை இடல் வேண்டும். கச்சான் வீசும் வெயிற் காலத்திற் பூச்சு விரைவில் உலர்ந்து விளிம்பு கட்டிவிடும். மாரியிலோ உலராது பரவும். தாளிற் பூஞ்சணமும் பிடிக்கும். ஆதலின் திருகோணமலையிற் பொழுதறியாத ஓவியன் தூரிகையைத் தொடவும் இயலாது.

இத்துறையின் பெருமையும் பொழுதினாலேயே அமைந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் சோழமண்டலக் கரையிற் கப்பல்களுக்குப் புகலிடம் அரிது. திருகோணமலையே அடைக்கலந் தந்தது. பிரித்தானியர் 1795 இல் இதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். ஆயின் டானியல் தந்த படத்தின் தலைப்போ, ‘ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து காணப்படும் திருகோணமலைத் துறைமுகம்’ என்ற பொருளது. இடம் கூறப்பட்டது, பார்க்கும் மேடும் கூறப்பட்டது, பருவம் கூறப்படவில்லை. கண்ணுக்கினிய காட்சியைத் தேர்ந்து அடுக்கும் அக்கால ஆங்கில மரபுக்கு நிலமே போதுமானதாயிருந்தது. வாடையும் கச்சானும் அம்மரபுக்கு வேண்டப்படவில்லை.

இக்குறை முழுவதையும் ஓவியர்மேற் சுமத்துதல் நீதியன்று. அந்நூலிலுள்ளவை அக்குவாடின்ற் எனப்படும் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள். தகட்டிற் குங்கிலியத் துகளைப் படியச்செய்து அமிலத்தால் அரித்து, நீர்ச்சாயம் போன்ற நிழற்படிகளை உண்டாக்குவர்; அச்சிட்டபின் கையால் வண்ணமிடுவர். நூல் இலண்டனில் உருப்பெற்றபோது ஓவியர் இலங்கையில் இருந்தார். கீழைக் கடலைக் காணாத கைகள் பூசும் நீலம் எப்பருவத்துக் கடலின் நீலமாகும்? துறையின் பொழுது தூரிகையில் மட்டுமன்றி அச்சிலும் தொலைந்தது எனல் பொருந்தும்.

மறுபுறம், மானினத்தையும் யானையையும் அவர் வரைந்த சித்திரங்கள் வேறு தரத்தன. வழிப்போக்கனாகவன்றிக் காடுகளின் காவலராக வாழ்ந்தவர் அவர். உடலமைப்பும் நிற்கும் நிலையும் பழகிய கண்ணுக்கே புலப்படுவன. துறைமுகத்தை மேட்டிலிருந்து நோக்கியவர், விலங்குகளை அருகிருந்து நோக்கினார். கருப்பொருளில் வென்ற கை முதற்பொருளின் பாதியைத் தவறவிட்டது என்பதே அவர் கலைபற்றிய முடிபாகும்.

1811 டிசெம்பரில், மாரி பெய்யும் திங்களில், காய்ச்சலுற்று முப்பத்தாறாம் வயதில் டானியல் இலங்கையிலேயே மறைந்தார். படத்தில் இடம்பெறாத பருவம் ஓவியரின் வாழ்வை முடித்தது. அவர் விட்டுச்சென்ற பாதியை நிரப்புங் கடன், வாடையில் இருளுங் கடலையும் கச்சானில் வெளிறும் மலையையும் ஆண்டுதோறும் காணும் இம்மண்ணின் மாணவர்க்கே உரியது.