நீரும் நெஞ்சும்
கஸ்ஸாலி, தெர்த்துல்லியன் ஆகியோர் நூல்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

சமயங்களை ஒப்பிட்டெழுதப் புகும் மாணாக்கர் பலர், இஸ்லாம் உடலைக் கழுவும் சமயம், கிறித்தவம் உள்ளத்தைக் கழுவும் சமயம் என ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். தொழுகைக்குமுன் முகமும் கைகளும் கழுவி, தலையை ஈரக்கையால் தடவி, கால்களைக் கழுவும் 'வுளூ' முன்னதற்குச் சான்றாகின்றது. கழுவாத கை மனிதனை மாசுபடுத்தாது, உள்ளிருந்து எழும் தீய எண்ணமே மாசுபடுத்தும் என்று மாற்கு சுவிசேஷத்தில் இயேசு கூறும் கருத்துப் பின்னதற்குச் சான்றாகின்றது. இம்முடிபு பொருந்துமா என்பதை இரு பேராசிரியர்தம் நூல்கொண்டு நோக்குவாம்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலின் 40 பகுதிகளுள் மூன்றாவதைத் தூய்மைக்கே உரியதாக்கினார். ஆங்கு அவர் தூய்மையை நான்கு படிகளாக வகுக்கின்றார். உடலழுக்கை நீக்கல் முதற்படி. உறுப்புக்களைப் பாவத்தினின்று காத்தல் இரண்டாவது. நெஞ்சிலுள்ள தீக்குணங்களைக் களைதல் மூன்றாவது. இறைவனையன்றிப் பிறிதொன்றும் உள்ளத்தின் ஆழத்தில் இராமை நான்காவது. முன்னோர் சேற்றில் வெறுங்காலோடு நடந்தும் நெஞ்சைப் பேணினர் என்றும், தம் காலத்தவரோ புறத்தை ஒப்பனைசெய்து, செருக்கு நிறைந்த அகத்தை மறந்தனர் என்றும் கடிந்துரைக்கின்றார். கலீபா உமர் கிறித்தவப் பெண்ணொருத்தியின் குடத்து நீரால் வுளூச் செய்தமையையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார்.

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் கி. பி. 200ஐ ஒட்டிய காலத்தில் இலத்தீனில் எழுதியவர். ஆன்மா மாசுற்றிருக்கக் கையைமட்டும் கழுவிச் செபிப்பதாற் பயன் யாது என்பது செபத்தைப் பற்றிய அவரது நூலில் வரும் வினா. ஆயின், ஞானஸ்நானத்துக்கு நீர் வேண்டா என்றோரை மறுத்துத் தனிநூல் இயற்றியவரும் அவரே. ஆகவே நீரை அவர் இகழ்ந்தாரல்லர். நெஞ்சற்ற நீரையே இகழ்ந்தார். இவ்வகையில் இருவரும் ஒருமித்தே நிற்கின்றனர்.

உண்மையான வேறுபாடு வேறோரிடத்தில் உளது. வுளூ நாடோறும் மீளமீளச் செய்யப்படுவது. ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒருமுறையே பெறப்படுவது. மீளச் செய்வது வெறும் பழக்கமாய்த் தேய்ந்துவிடக் கூடும். அதனை உணர்ந்தே கஸ்ஸாலி தம் சமயத்தவரைக் கடிந்தார். ஒருமுறையே பெறுவதோ அதன் பெருமையினாலேயே அச்சத்தை விளைக்கும். அதனாலன்றோ தெர்த்துல்லியன், குழந்தைகளின் ஞானஸ்நானத்தைப் பிற்படுத்துதல் நன்று என்றார்! இவ்விடத்துக் கஸ்ஸாலியின் நெறியே மாணாக்கர்க்கு அணுக்கமானது என்பது எம் கருத்து. வழுவியவன் மீண்டும் முதற்படியிலிருந்து ஏறுதற்கு அந்நெறி இடந்தருகின்றது. எனினும், உற்ற நிலையை இழக்கலாகாது என்னும் விழிப்பைத் தெர்த்துல்லியனிடமே கற்றல் வேண்டும்.

இருவரும் பிற சமயத்தாரைமட்டும் கடியாது, தம் சமயத்தவரையே முதலிற் கடிந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒருவர் கைகழுவுதலைக் கண்டமாத்திரத்தில் அவர் நெஞ்சின் நிலையைத் தீர்ப்பிடுதல் அறிவுடைமையாகாது. ஒரு சமயத்தின் சடங்கைப் பற்றி எழுதுமுன், அச்சமயத்துச் சான்றோர் அச்சடங்கைப் பற்றி என்ன கூறினர் எனக் கற்றலே ஒப்பாய்வின் முதற் கடமையாகும்.