மேகத்தை விலக்கிவிட்டு மழையைத் தேடுவது

துணைக்கோளின் நுண்ணலை அளவீடுகளை வானிலை மாதிரிக்குள் சேர்த்தால் கணிப்பு மேம்படும் என்று காட்டும் இந்திய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். பலவற்றில் நாயகன் மேகா-டிராபிக்ஸ். இஸ்ரோவும் பிரான்சின் சிஎன்இஎஸ்ஸும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று ஏவியது. அதிலிருந்த சஃபிர் கருவி, 183 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய ஆறு அலைவரிசைகளில் காற்றின் ஈரப்பதத்தை அடுக்கடுக்காக அளந்தது. 20 டிகிரி சாய்வில் சுற்றியதால் நம்ம பக்கத்தை நாளுக்குப் பல முறை பார்த்தது.

சேர்ப்பது என்றால் என்ன? மாதிரி தன் முந்தைய கணிப்பை வைத்து, "துணைக்கோள் இதைத்தான் பார்த்திருக்கணும்" என்று ஒரு எண்ணைச் சொல்லும். நிஜமாக வந்த எண்ணோடு ஒப்பிட்டு, எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு, கணிப்பின் ஆரம்ப நிலையைத் திருத்துவார்கள்.

சிக்கல் அடுத்த படியில். பல கட்டுரைகள் மேகமும் மழையும் உள்ள இடத்து அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிடுகின்றன. காரணம் நியாயமானதுதான்: மேகத்திலுள்ள பனித்துகள்கள் இந்த அலைகளைச் சிதறடிக்கும், அதைக் கணக்கிடுவது கஷ்டம். சுற்றியுள்ள தெளிந்த வானின் ஈரப்பதம் திருந்தினாலும் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய வானிலை மையம் நுண்ணலைப் படிமக் கருவிகளின் அளவீடுகளை 2009 முதல் மேகம், மழையோடு நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. முடியாத காரியமில்லை.

என் முக்கியக் குறை, மதிப்பெண் போடும் முறை மேல். பரந்த பரப்பின் சராசரிப் பிழை குறைந்தது என்று காட்டி முடித்துவிடுகிறார்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., சுமார் 20 கி.மீ. தள்ளி நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை. திருக்கழுக்குன்றத்தில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு, அரபிக்கடல் மேல் ஈரப்பதம் திருந்தியதைவிட, எந்த ஏரிக்கு எவ்வளவு தண்ணி வரும் என்பதுதான் கேள்வி. சராசரி அதைச் சொல்லாது. மென்பொருளில், எல்லாம் ஒழுங்கா போற வழியை மட்டும் சோதிச்சுட்டு 'பாஸ்' போட்டா யாரும் ஒத்துக்கமாட்டாங்க. இங்கேயும் கனமழை அளவைத் தாண்டிய நாட்களுக்குத் தனி மதிப்பெண் வேணும். அளவீட்டைச் சேர்த்ததால் கணிப்பு மோசமான நாட்களையும் காட்டணும்.

மேகா-டிராபிக்ஸ் 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடல் மேல் இறக்கப்பட்டுவிட்டது. தரவு இருக்கிறது. 2015 மழையும் 2016 வர்தா புயலும் அதன் காலத்தில் நடந்தவை. மழை பெய்த இடத்து அளவீடுகளையும் சேர்த்து அந்த இரண்டையும் மறுபடி ஓட்டி, நிலையம் நிலையமாக ஒப்பிடும் கட்டுரை ஒன்று வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.