மனச்சோர்வுக்கு இருவழிப் பேச்சு மருத்துவம்

மனச்சோர்வு சோம்பலும் அன்று. இரண்டொரு நாளில் நீங்கும் கவலையும் அன்று. இரண்டு வாரமோ அதற்கு மேலோ உள்ளம் இருண்டு, விரும்பிய செயலில் விருப்பம் கெட்டு, உறக்கமும் பசியும் பிறழும் நோய் அது. நம் நாட்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, 2019-இல் நூற்றுக்கு 2.3 பேரிடம் இதனைக் கண்டது, 2023-இல் 4.6 பேரிடம் கண்டது. இந்நோய்க்குப் பேச்சையே மருந்தாகத் தரும் முறை உண்டு. அம்மருந்தில் ஒரு பகுதியை இயங்கலையிலும் மறு பகுதியை நேரிலும் தரலாம் என்று இக்காலத்து அறிஞர் கூறுகின்றனர். இக்கூற்று கொள்ளத்தக்கதா என்பதை ஆராய்வோம்.

அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறையே இதற்கு அடிப்படை. சோர்வுற்றவன் நிகழ்ச்சியால் மட்டும் வாடுவதில்லை. அதற்குத் தான் கொள்ளும் பொருளாலும் வாடுகிறான் என்பது அவர் கருத்து. காலையில் மண்டோர் முகங்கொடுத்துப் பேசாமல் போனார் என்று கொள்வோம். "நான் எதற்கும் உதவாதவன்" என்று ஒருவன் எண்ணுகிறான். அவ்வெண்ணத்தை எழுதி வைத்து, அதற்குச் சான்று என்ன, வேறு காரணம் இருக்கலாகாதா என்று அவனையே வினவச் செய்வது இம்முறை. ஆகவே இதில் எழுத்து வேலை உண்டு. நாள்தோறும் பயிற்சி உண்டு. ஆசிரியர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். நேர்முகம் வகுப்பறை, திரைப்பாடம் வீட்டுப்பாடம்.

2018-இல் மைக்கேல் தேசு முதலிய அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மருந்து உட்கொள்ளாத நோயாளர் 154 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு சாரார்க்கு 16 வாரத்தில் 20 அமர்வு வரை, அமர்வுக்கு 50 நிமிடமாக நேரில் மருத்துவம் தரப்பட்டது. மறு சாரார்க்கு 12 அமர்வுகளே. பெரும்பாலானவை 25 நிமிடம். அவற்றுடன் கணினிப் பாடங்கள். முடிவில் இரு சாராரிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் நோய் நீங்கினர். மருத்துவர் செலவிட்ட நேரமோ இரண்டாம் முறையில் பாதிக்கும் குறைவே ஆயிற்று.

இதனைக் கண்டு, "இனி ஆள் வேண்டா, கருவி போதும்" என்பார் சிலர். அது பிழை. அவ்வாய்வில் கணினிப் பாடம் மட்டும் பெற்ற மூன்றாம் பிரிவே இல்லை. அக்குறையை ஓரளவு நிறைப்பது 2015-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வு. 691 நோயாளருள் சிலர் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றனர். ஏனையோர் அதனோடு கணினிப் பாடமும் பெற்றனர். இவர்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் பெரிதும் கருவியை இயக்குதற்குரிய உதவிகளே. நான்கு மாதத்தில் பாடத்தால் விளைந்த மேலதிகப் பயன் குறிப்பிடத்தக்கதாக இல்லை. பாடத்தை முழுமையாக முடித்தவர் ஆறில் ஒருவர் அளவே.

இதன் காரணத்தை நாம் அறிவோம். 2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், பாடங்கள் புலனத்தின் வழியே சென்றன. பாடம் போய்ச் சேர்ந்தது. கேட்பார் இல்லாத வீட்டில் பிள்ளை கற்கவில்லை. திருத்தப்படாத வீட்டுப்பாடம் செய்யப்படாத வீட்டுப்பாடமே. "எழுதினீர்களா? எந்த இடத்தில் முடியாமற் போயிற்று?" என்று கேட்க ஒருவர் உண்டு என்னும் எண்ணமே, எழுந்திருக்கவும் மனமில்லாதவனை எழுத வைக்கும்.

இனி, தமிழர் கருதவேண்டிய குறை ஒன்றுண்டு. நேரில் பேசுவோர், நோயாளி புரியாமல் விழித்தால் சொல்லை மாற்றிக்கொள்வர். திரைக்கு அது எளிதன்று. நம் செய்தித்தாள்களோ மனச்சோர்வையும், வேலைப்பளுவால் வரும் நெருக்கடியையும் "மன அழுத்தம்" என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. தோட்டத்துத் தாயோ இரண்டையும் சொல்லாமல், "நெஞ்சு பாரமா இருக்கு, உடம்பு அசதி" என்பாள். அவள் சொல்லை அறியாத பாடம், எத்துணை நுட்பமாயினும் அவளுக்குப் பிறமொழியே. இதனைச் செப்பம் செய்தல் மருத்துவர்க்கு மட்டும் உரிய பணி அன்று, தமிழாசிரியர்க்கும் உரியது.

கேரித் தீவின் பனைத் தோட்டத்துத் தொழிலாளி, வாரந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுப் பந்திங்கிற்கோ கிள்ளானுக்கோ மருத்துவமனை செல்லுதல் அரிது. ஆதலின் இருவழி மருத்துவம் நமக்கு மிகவும் பொருந்தும். தமிழகத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னை ஸ்கார்ப் நிறுவனம் 2010-இல் தொடங்கிய பணி இதற்கு வழிகாட்டும். பேருந்து ஒன்று ஊர் ஊராகச் சென்றது. சென்னை மருத்துவர் திரையில் பேசினார். உள்ளூர்ப் பணியாளர் நோயாளியின் அருகில் இருந்தார். அது கடும் மனநோய்க்கென அமைந்தது. ஆயினும் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும் என்னும் அதன் பாடம் இங்கும் பொருந்தும். தோட்டத்து மண்டபத்தில் மாதம் இருமுறை தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் அமர்ந்தால், இடைநாட்களின் பயிற்சியைக் கைப்பேசி தாங்கும்.

உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தோரைத் திரைப்பாடத்திடம் விடுதல் கூடாது. அவர்க்கு உடனே ஆள் துணை வேண்டும். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்னும் எண்ணை அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டது. உதவி கேட்பதற்கு அஞ்ச இருந்த காரணங்களுள் ஒன்று ஒழிந்தது.

எனவே இருவழி மருத்துவம் கொள்ளத்தக்கதே. ஆனால் மிச்சமாகும் மருத்துவர் நேரம், இதுவரை ஒருவரையும் காணாத நோயாளியைச் சென்று சேரவேண்டும். செலவைக் குறைக்கவே அது பயன்படுமாயின், தோட்டத்து மக்களுக்குத் திரை கிடைக்கும், மருத்துவம் கிடைக்காது.