சிவப்பு டிஸ்க், நீல டிஸ்க்: ஒரு கிண்டிப் பட்டறையின் பேக்கப்

சினாலஜி டிஎஸ்220+, 2020இல் வந்த இரண்டு டிஸ்க் நாஸ், அதாவது நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி. கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் டை செய்யும் நண்பரின் பட்டறையில் இன்றும் அதுதான் ஓடுகிறது. கேட் டிராயிங், சிஎன்சி புரோகிராம், டேலி கணக்கு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எல்லாமே அதற்குள். உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ரெய்டு 1 முறையில் ஒன்றுக்கொன்று பிரதி. “அதான் ரெண்டு இருக்கே, அப்புறம் எதுக்கு பேக்கப்?” என்றார் நண்பர். பலரும் நம்பிக் கெடும் இடம் இது. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ரெய்டு பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். யாராவது கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். பெட்டி தண்ணீரில் மூழ்கினால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும்.

தண்ணீர் என்று சும்மா சொல்லவில்லை. 1958இல் தொடங்கிய இந்தப் பேட்டைக்குப் பக்கத்தில்தான் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழியெங்கும் ஆறு ஊருக்குள் புகுந்தது. மெஷினுக்காவது இன்ஷூரன்ஸ் பணம் வரும். பத்து வருட டிராயிங்குக்கு யார் தருவார்கள்? ஆகவே கட்டடத்தை விட்டு வெளியே ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும். இந்தப் பெட்டி அதற்கு எவ்வளவு தூரம் ஒத்துழைக்கிறது என்பதைத்தான் பார்த்தேன்.

ரிச்சி தெருவில் இரண்டு 4 டிபி போர்ட்டபிள் டிஸ்க் வாங்கி, ஒன்றில் சிவப்பு டேப், மற்றதில் நீல டேப் ஒட்டினோம். ஒன்று நாஸில் இருக்கும், மற்றது கணக்கு பார்க்கும் அக்காவின் வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை இடம் மாறும். இரண்டரை அங்குல டிஸ்க் என்பதால் தனி அடாப்டர் வேண்டாம், கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த ரகத்தில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால் வேகம் படுத்துவிடும். முதல் முழு பேக்கப்பை வேலை நாளில் தொடங்க வேண்டாம், சனிக்கிழமை இரவு ஓட விடுங்கள்.

மென்பொருள், பெட்டியோடு இலவசமாக வரும் ஹைப்பர் பேக்கப். முதல் தடவை எல்லாவற்றையும் எடுக்கும், பிறகு மாறிய பகுதிகளை மட்டும். ஒரு பெரிய டிராயிங்கில் ஒரு மூலை மாறினால் ஃபைல் முழுவதையும் மறுபடி எழுதாது. பழைய வெர்ஷன்களைக் கழிக்கும் ஸ்மார்ட் ரீசைக்கிள் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. கடைசி ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, ஒரு மாதம் வரை நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தியதில் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும்.

டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கடைசி பேக்கப்புக்குப் பிறகு மாறியவை’ என்று பொதுவாகக் கணக்கு வைக்கும் மென்பொருளாக இருந்தால், நீல டிஸ்க் வீட்டில் இருந்த வாரத்து மாற்றங்கள் சிவப்பில் மட்டும் இருக்கும், நீலத்தில் ஓட்டை விழும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனிச் சங்கிலி வேண்டும். ஹைப்பர் பேக்கப்பில் அதற்கு வழி, டிஸ்க்குக்கு ஒரு டாஸ்க். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒரு வாரம் கழித்து நீலத்தை மாட்டினால் அதில் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. இந்த விஷயத்தில் முழு நம்பிக்கை வைக்கலாம்.

தொல்லை வேறு இடத்தில். இரண்டு டாஸ்க்குக்கும் இரவு நேரம் குறித்துவிட்டால், அங்கே இல்லாத டிஸ்க்கின் டாஸ்க் தினமும் தோற்று ஒரு மெயில் அனுப்பும். “சார், டெய்லி ஃபெயில்னு மெயில் வருதே, டிஸ்க் போயிடுச்சா?” என்று அக்கா கேட்டார். தினமும் வரும் எச்சரிக்கையை ஒரு மாதத்தில் யாரும் திறக்கமாட்டார்கள். உண்மையிலேயே டிஸ்க் கெடும் அன்று வரும் மெயிலும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். சினாலஜியின் இன்னொரு செயலியான யூஎஸ்பி காப்பி, டிஸ்க்கைச் சொருகியதும் தானாக ஓடி, முடிந்ததும் தானாக வெளியேற்றும். பெட்டியின் முன்பக்கப் பொத்தானை அழுத்தியும் ஓட்டலாம். கணினி தெரியாதவருக்கு அதுதான் சுலபம். ஆனால் அதன் இன்கிரிமென்டல் முறை பழைய ஃபைல் மேலேயே புதியதை எழுதிவிடும், முந்தைய வெர்ஷன் கிடைக்காது. அதனால் ஹைப்பர் பேக்கப்பையே வைத்துக்கொண்டோம். மாட்டியிருக்கும் டிஸ்க்கின் டாஸ்க்குக்கு மட்டும் ஷெட்யூலை இயக்கி வைப்பதும் வெள்ளிக்கிழமை வேலையில் சேர்ந்தது.

முன்பக்கப் போர்ட்டில் டிஸ்க், பின்பக்கப் போர்ட்டில் யூபிஎஸ் கேபிள். கரண்ட் போனால் பெட்டி தானே ஒழுங்காக எழுதி முடித்துக்கொள்ளும். பட்டறை லைனில் இது இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. என்க்ரிப்ஷனும் கட்டாயம். வாடிக்கையாளரின் டிராயிங் மின்சார ரயிலில் கைப்பையில் போகிறதே! பாஸ்வேர்டும் சாவி ஃபைலும் இரண்டுமே தொலைந்தால் சினாலஜியாலும் திறந்து தர முடியாது என்பதால், சாவி ஃபைல் இந்த டிஸ்க்குகளில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருக்கிறது.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்வதில்லை. நாஸே இல்லை என்று வைத்துக்கொண்டு லேப்டாப்பில் ஹைப்பர் பேக்கப் எக்ஸ்புளோரரைத் திறந்தால், பழைய தேதியைத் தேர்ந்தெடுத்து டிராயிங்கை எடுக்க முடிகிறது. ஆனால் டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்திருந்தால் விண்டோஸ் அதைப் படிக்காது, உபுண்டு போட்ட ஒரு கணினி கைவசம் வேண்டும். அவசரத்தில் இதைத் தேடி ஓடாமல் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் மாட்டி வைக்கவே வேண்டாம். 2021 ஏப்ரலில் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத் தாக்கிய க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டியதோடு ஸ்னாப்ஷாட்டுகளையும் அழித்தது. சினாலஜியை 2014இல் சினோலாக்கர் தாக்கியது. வீட்டு அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக யாரும் தொட முடியாது. அந்த வீடும் முடிச்சூரிலோ சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலோ இருந்தால், அதே அடையாறு அங்கேயும் வரும்.

பட்டறையில் லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் ஆர்சிங்க், ரெஸ்டிக் போன்றவற்றால் இதே வேலையைக் காசில்லாமல் செய்யலாம். இல்லாதவர்களுக்கு டிஎஸ்220+ போதும், தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் ஆப்பிளின் டைம் மெஷின் 2012இல் இருந்தே பல டிஸ்க்குகளை ஒரே ஏற்பாட்டில் மாறி மாறிக் கையாள்கிறது. ஒரு டாஸ்க்குக்குள் இரண்டு டிஸ்க்கைச் சேர்க்கும் வசதியை ஹைப்பர் பேக்கப்பிலும் சினாலஜி கொண்டுவர வேண்டும். அது வந்தால் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை டிஸ்க்கை மாற்றுவது ஒன்றுதான் வேலை.