சுன்னாகத்துக் கிணறும் தேவனார்க் குப்பைமேடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் தலைகாட்டும் வழுக்கையாற்றை விட்டால், குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர்தான். அந்தக் கல்லோ உள்ளே துளையும் வெடிப்புமானது. ஒரு காணியில் நிலத்துக்குள் இறங்கியது அந்தக் காணியோடு நிற்பதில்லை. ஆகவே இங்கே கழிவை எங்கே கொட்டினார்கள் என்று எழுதுகிற நிருபர், அக்கம்பக்கத்து ஊர்கள் எதைக் குடிக்கின்றன என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் வாளியை இழுத்தால் தண்ணீருக்கு மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தது, மணந்தது, கையில் பிசுபிசுத்தது. 2013இன் இறுதியிலிருந்து 2014 நடுப்பகுதி வரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அப்பகுதியில் 150 கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீஸும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. யாழ்ப்பாணத் தமிழ் நாளிதழ்கள் இதைத் தொடர்ந்து எழுதின. 2015 ஜனவரியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரதேச சபைகள் தாங்கிகளை வைத்து, பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றின. நல்ல தண்ணீர்க் கிணறு என்று பெயர் பெற்ற வளவுகளில் இருந்த பெண்கள், குடத்தோடு சந்தியில் வரிசையில் நின்றார்கள்.

பிறகு வந்தது குழப்பம். வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான அளவில் எண்ணெய் மாசு இல்லை என்றது. நீர் வழங்கல் சபையின் எண்கள் வேறு கதை சொன்னன. பழைய மின்நிலையத்து எண்ணெயா, அங்கே மின் உற்பத்தி செய்த நொதேர்ண் பவர் என்ற தனியார் நிறுவனத்து எண்ணெயா என்ற வழக்காடலும் சேர்ந்துகொண்டது. பத்திரிகைகளும் கட்சிக்கொரு பக்கமாகப் பிரிந்தன. ‘குடிக்கலாமா, கூடாதா?’ என்பது வீட்டில் இருந்தவர்களின் ஒரே கேள்வி. அதற்கு நேரான விடை பல மாதங்களாக எந்தத் தலைப்பிலும் வரவில்லை. நம் ஊர்ப் பத்திரிகைத் தொழில் அந்த இடத்தில் சறுக்கியது என்பது என் கருத்து. அறிக்கையை வெளியிட்டவர் எந்தக் கட்சி என்று பார்த்தோம். மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்கவில்லை.

எண்ணெயைச் சோதிக்கும் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, சோதனையில் அளவு குறைந்து வரும். போத்தலை அதே தண்ணீரில் கழுவிவிட்டு நிரப்பக் கூடாது. நிரம்பி வழியவும் விடக் கூடாது. துளி அமிலம் விட்டு, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சோடாப் போத்தலில் அள்ளிக்கொண்டு போன நிருபரின் ‘ஆதாரத்தை’ எந்தச் சட்டத்தரணியும் இரண்டு கேள்வியில் தூக்கி எறிந்துவிடுவார். எந்தக் கிணறு, எந்தத் தேதி, எந்தப் போத்தல், யார் எடுத்தது, எந்த ஆய்வுகூடம் என்ற ஐந்தும் செய்தியில் இருந்தால் வாசகர் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்.

வழக்கு கடைசியில் இலங்கையின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதைக் கொண்டுபோனவர் தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர குணவர்தன காரியவசம். 2015இல் அவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. நிலமும் நிலத்தடி நீரும் மாசடைந்ததற்கு நட்டஈடாக நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தங்கள் கடமையில் தவறின என்று நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதினார். சுன்னாகத்துக் கிணற்றுக்காக ஒரு சிங்களச் சுற்றாடல் ஆர்வலர் நான்கு ஆண்டு நீதிமன்றப் படியேறினார் என்பதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். அதே வேளை, ஒரு தனிமனிதர் முன்வராதிருந்தால் இவ்வளவு செய்தியும் பழைய பேப்பர்க் கட்டாகப் போயிருக்கும் என்பதையும் மறைக்க முடியாது.

இந்தியாவில் செய்திக்கு வேறொரு வழி உண்டு. மும்பையின் தேவனார்க் குப்பைமேடு 1927 முதல் இருப்பது. 2016 ஜனவரியில் அது எரிந்தபோது நகரமே புகையில் மூழ்கியது. அங்கே குப்பையை வைத்துக் கும்பல்கள் நடத்தும் வியாபாரம் பற்றி ‘தி குயின்ட்’ இணைய இதழில் ஒரு கட்டுரை வந்தது. யாரும் மனுப் போடவில்லை. கட்டுரையையே வழக்காக எடுத்துக்கொண்டது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். மும்பை மாநகராட்சிக்கு 5 கோடி ரூபாய் விதித்தது. ‘யாரும் கேட்காமல் விசாரிக்க உனக்கு அதிகாரம் ஏது?’ என்று மாநகராட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 அக்டோபர் 7 அன்று, தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலங்கையிலோ பாதிக்கப்பட்டவரோ அவருடைய சட்டத்தரணியோ ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. நீதிமன்றங்கள் இதைத் தளர்த்தி வாசிப்பதால்தான் சுன்னாகம் வழக்கு உள்ளே போக முடிந்தது.

தகவல் உரிமையிலும் இந்தியா முந்திக்கொண்டது. தமிழ்நாடு 1997லேயே மாநிலச் சட்டம் போட்டது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. இலங்கைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சுன்னாகம் கொதித்துக்கொண்டிருந்த 2014, 2015இல் நம் நிருபரிடம் அந்தக் கருவியே இல்லை. ஆனால் வந்த சட்டம் உறுதியானது. விண்ணப்பத்துக்குப் பதிலளிக்க இந்தியாவில் 30 நாள், இங்கே 14 வேலை நாள். அவதூறைக் குற்றமாகக் கருதும் சட்டத்தை இலங்கை 2002இலேயே நீக்கிவிட்டது; இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது, குப்பை ஒப்பந்தக்காரரின் பெயரை எழுதிய நிருபர் நீதிமன்றத்துக்கு அலைய நேரலாம்.

சட்டத்தை மட்டும் வைத்து இரண்டு நாட்டையும் தராசில் ஏற்றுவது நியாயமல்ல. 2000 அக்டோபர் 19 அன்று செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக்குள் கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழில் செய்த தலைமுறைக்குக் கழிவெண்ணெய் சின்னச் செய்தியாகப் பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. இந்தியாவும் பாதுகாப்பான இடமல்ல: வீதி வேலையில் நடந்த மோசடியை வெளிக்கொணர்ந்த நிருபர் முகேஷ் சந்திராகரின் உடல் 2025 ஜனவரியில் சத்தீஸ்கரில் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் கிடந்தது. அங்கே இப்போதும் கொல்லப்படுபவர்களில் பலர் சிற்றூர் நிருபர்கள்; பெரிய பத்திரிகையின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதாக எனக்குப் படுவது கொடைக்கானல். 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பல டன் கிடந்தது வெளியானது. இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர்த் தொழிற்சாலைக் கழிவு அது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. இத்தோடு செய்தி முடிந்திருக்கலாம். ஆனால் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் தொழிலாளரின் உடல்நிலை, தொழிற்சாலையை ஒட்டிய பாம்பார்ச் சோலையின் மண் என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2015இல் இதைப் பற்றி ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய பாடல் உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது. பதினைந்து ஆண்டு. அதே நாட்டில்தான் தேவனார் மேடு தீர்ப்புக்குப் பிறகும் அகலாமல் நின்றது. ஆணை பிறப்பது ஒன்று, குப்பை அகல்வது வேறொன்று. இடையில் வருடக்கணக்காக எழுத ஒருவர் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி. நம் நாளிதழ்கள் பெருமளவு மரண அறிவித்தலிலும் நினைவஞ்சலியிலும் வாழ்பவை. பிரதேச நிருபருக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கூலி. ஆறு மாதம் ஒரு கிணற்றின் பின்னால் போக அவரால் முடியாது. அன்றன்றைக்கு வரும் செய்தியை எழுதினால்தான் வீட்டில் அடுப்பெரியும். யாழ். மாநகரக் குப்பை கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் படத்தோடு முதற்பக்கம். தீ அணைந்த பிறகு சாம்பல் எங்கே போகிறது, மாரி வெள்ளம் குப்பைக்குள் புகுந்து எந்தப் பக்கம் வடிகிறது என்பதற்குப் பக்கம் ஒதுக்குவது குறைவு. கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டன்று சரிந்து 32 பேர் இறந்ததும் இப்படித்தான்: ஆபத்து என்று மக்கள் முன்பே பலமுறை சொல்லியிருந்தார்கள்.

கல்லுண்டாயைச் சுற்றியுள்ள கிணறுகளைக் கடைசியாக எந்த அலுவலகம், எந்தத் தேதியில் சோதித்தது? முடிவு என்ன? சுன்னாகத்தில் மாசடைந்ததாகச் சொல்லப்பட்ட அந்த 109 கிணறுகளில் இன்று எத்தனை குடிக்கத் தக்கவை? நீர் வழங்கல் சபைக்கும் மாநகர சபைக்கும் ஒவ்வொரு தகவல் உரிமை விண்ணப்பம் போதும். விண்ணப்பத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் மேன்முறையீட்டுக்கு அந்தச் சீட்டுத்தான் கைகொடுக்கும்.