தத்தன் செய்த வேலை

தமிழில் கிறிஸ்துவக் காவியம் என்றதும் படித்தவர்கள் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒன்று, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'; 1726-ஆம் ஆண்டினது. மற்றொன்று, ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்'. இரண்டின் சொல்லழகையும் கம்பன் சாயலையும் பலர் புகழ்ந்தாகிவிட்டது. எனக்கும் அதில் மாறுபாடு இல்லை. ஆனால் கதை எழுதுகிறவன் காவியம் படிக்கும்போது வேறொரு கேள்வியும் கேட்பான்: இந்தக் கதையில் யார் என்ன வேலை செய்கிறார்கள்?

தேம்பாவணியின் நாயகன் சூசையப்பர். வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினார் முனிவர். ஆத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு வளன் அந்நியர் அல்ல. 2003-ல் உருவான திண்டுக்கல் மறைமாவட்டத்தின் பேராலயமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏரோது குழந்தைகளைக் கொல்லத் துணிந்தபோது, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போனவர் வளன். இன்றைய பாஷையில் சொன்னால் அவர் ஓர் அகதி. அந்தப் பயணத்தை முனிவர் விரிவாகவே பாடியிருக்கிறார். ஆனாலும் வழித்துணையாக வரும் வானோர் என் மனத்தில் நிற்கிற அளவுக்கு, அந்தக் குடும்பத்துக்கு ஒதுங்க இடம் கொடுத்த எகிப்துக்காரன் நிற்கவில்லை.

இரட்சணிய யாத்திரிகம் பனியன் எழுதிய ஆங்கில நூலின் வழிவந்தது. மூலத்தில் இல்லாத இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை தாமாகச் சேர்த்தார். காவியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நிந்திக்கிறார்கள், அடிக்கிறார்கள், அவரோ பொறுத்திருக்கிறார். சுற்றி நிற்கும் நல்லவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. வானம் ஏன் இடிந்து விழவில்லை, கடல் ஏன் வற்றவில்லை என்று அவர்கள் புலம்புகிறார்கள். அடிபட்டவர் மன்னிக்கிறார், அடிபடாதவர்கள் பழி கேட்கிறார்கள். மனித சுபாவத்தைக் கவி நன்றாகப் பிடித்துவிட்டார்.

பகைவருக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் உபதேசம் மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. எகிப்துக்கு ஓடிய கதை அதே நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஓடிய குழந்தைதான் வளர்ந்து இந்த உபதேசத்தைச் சொல்கிறது. பத்திரமான வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு சொன்ன வார்த்தையல்ல அது. நம் காவியங்களிலோ ஒன்று பயணத்தால் மனத்தில் நிற்கிறது. மற்றது பொறுமையால் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பொறுப்பு வாசகன் தலையில் விழுகிறது.

சேர்த்துப் படித்தால் என்ன தெரியும்? அதற்குப் பெரிய புராணத்துக்குப் போகவேண்டும். திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரை, அடியவர் வேடத்தில் வந்த முத்தநாதன் குத்திவிடுகிறான். வாளோடு பாய்கிறான் காவலன் தத்தன். விழுந்து கிடக்கும் மன்னர் அவனைத் தடுத்து, "இவர் நம்மவர், யாரும் தீங்கு செய்யாமல் கொண்டுபோய் விடு" என்ற கருத்தில் ஆணையிடுகிறார். இது மன்னிப்பு அல்ல, திருவேடத்துக்குக் காட்டிய பக்தி என்று சைவர்கள் சொல்வார்கள். அது வாஸ்தவம். நான் பார்ப்பது தத்தனை. கொதித்து வரும் ஊராரை விலக்கிக்கொண்டு, தன் அரசனைக் கொன்றவனை எல்லை வரைக்கும் பத்திரமாக நடத்திச் சென்றவன் அவன். அந்த நடை எத்தனை கனமாக இருந்திருக்கும்! சொல் அடிபட்டவருடையது, காவல் அடிபடாதவனுடையது.

இந்த வேலைப் பிரிவினையை நம் காலத்து எழுத்து மறந்துவிட்டது. 1983-க்குப் பிறகு இலங்கை யுத்தத்துக்குத் தப்பி மூன்று லட்சம் பேர் அளவில் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றிய கதைகளில் பெரும்பாலும் இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று, பழி வாங்கு என்கிறது; மற்றது, மறந்துவிடு என்கிறது. இரண்டையும் சொல்கிறவர் இக்கரையில் சௌகரியமாக இருப்பவர். கிருஷ்ணபிள்ளை காட்டிய கூட்டத்தைப்போல, வானம் இடியவில்லையே என்று புலம்ப நமக்கு உரிமை உண்டு. அடிபட்டவனுக்குப் பதிலாக மன்னிக்க உரிமை கிடையாது.

மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலைப் பாருங்கள். 1670 வாக்கில் டச்சுக்காரர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதா சிலையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடின. அங்கே எழுந்ததுதான் மடு. அந்தத் தெய்வமே அகதியாக வந்தவள். தமிழரும் சிங்களரும் ஒருங்கே கும்பிடும் இடம் அது. யுத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அங்கேயும் குண்டு விழுந்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். எய்தவர் நீங்களே என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டின. பகைவருக்காக ஜெபி என்ற வார்த்தையை அந்தக் கோயிலில் நின்று ஒரு தாய் சொன்னால் நான் தலை வணங்குவேன். வேறு யாரும் அவளுக்கு அதைப் போதிக்க வேண்டாம்.

அப்படியானால் நமக்கு உள்ள வேலை? தத்தனின் வேலைதான். அதை நாம் எப்படிச் செய்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முதலில் கை நீட்டி வரவேற்றோம். 1991-ல் ராஜீவ் காந்தி கொலையுண்டதும், முகாமில் இருந்த அத்தனை பேரையும் சந்தேகக் கண்ணால் பார்த்தோம். சிலர் செய்ததற்குத் தப்பி வந்தவர்களும் பதில் சொல்லவேண்டியதாயிற்று. நாம் அடிபட்ட அன்று, நம்மிடம் யாரும் மன்னிப்பைப் போதிக்கவில்லை. பகைவருக்காக ஜெபிப்பது இருக்கட்டும். பகைவர் அல்லாதவரைப் பகைவராக எண்ணாமலிருக்கவே நமக்கு வரவில்லை.

பிறகு கொஞ்சம் சரிசெய்தோம். 2021-ல் அகதி முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. 2022-ல், ஆத்தூருக்கு அதிகத் தொலைவில்லாத திண்டுக்கல் தோட்டனூத்தில் அவர்களுக்கு 321 வீடுகள் கட்டித் திறக்கப்பட்டன. தகரத்துக்கும் தார்ப்பாய்க்கும் பதில் சுவர் கிடைத்தது சின்ன விஷயமல்ல. ஆனால் 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. இந்த மண்ணிலே பிறந்து, இங்கே படித்து, கல்யாணமும் செய்துகொண்டு, இன்னும் எந்த நாட்டுப் பிரஜை என்று சொல்ல முடியாத பிள்ளைகள் முகாம்களில் இருக்கிறார்கள். தத்தன் பாதி வழியில் நின்றுவிட்டான்.

இனி இந்த விஷயத்தைத் தொடும் நாவலாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகைவரை நேசிக்கும் மகாத்மாவைப் படைக்க அவசரப்படாதீர்கள். அது அபூர்வப் பிறவி. வாடகைக்கு வீடு கொடுத்தவன், பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதிக்கொண்ட வாத்தியார், ரேஷன் வரிசையில் இடம் விட்ட கிழவி, இவர்களை எழுதுங்கள். இவர்கள் இல்லாமல் எகிப்தில் அந்தக் குழந்தை பிழைத்திருக்காது. பிழைத்திருக்காவிட்டால், பின்னால் அந்த உபதேசத்தைச் சொல்வதற்கும் ஆள் இருந்திருக்காது.