கடிதம் காட்டும் கவிஞர்: ஹென்றி டிம்ராட்

கவிஞர்களின் கடிதங்களைப் படிப்போர் இரு வகையினர். கவிதைக்கு விளக்கம் தேடிப் படிப்போர் ஒரு சாரார். கவிஞரின் வாழ்க்கையை அறியப் படிப்போர் மற்றொரு சாரார். இவ்விரு நோக்கங்களும் குற்றமுடையன அல்ல. எனினும், கடிதம் தனக்கென ஓர் இலக்கணமும் தனக்கென ஒரு கேட்போனும் உடைய இலக்கிய வகை என்பதை இரு சாராரும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். யாருக்கு எழுதப்பட்டது, எந்நாளில் எழுதப்பட்டது, எவர் கைவழியே நம்மிடம் வந்து சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களை எழுப்பாமல் ஒரு கடிதத்தைச் சான்றாகக் கொள்வது பிழைபட்ட முடிவுக்கே இட்டுச் செல்லும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் வாழ்ந்த கவிஞரும் நாளிதழ் ஆசிரியருமான ஹென்றி டிம்ராடின் கடிதங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

தென் கரோலினா மாநிலத்துத் துறைமுக நகரமாகிய சார்ல்ஸ்டனில் 1828ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் டிம்ராட் பிறந்தார். தந்தையார் புத்தகம் கட்டும் தொழிலாளர், கவிதையும் எழுதியவர். டிம்ராடுக்குப் பத்து வயது நிரம்பும் முன்பே அவர் மறைந்தார். ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கல்வி இடையிலே நின்றது. சட்டம் பயிலப் புகுந்தவர் அதனையும் கைவிட்டார். பின்னர்ப் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியராகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகக் காலம் கழித்தார். பள்ளித் தோழரும் கவிஞருமான பால் ஹாமில்டன் ஹேய்ன் நடத்திய ‘ரஸ்ஸல்ஸ் மேகசின்’ என்னும் இதழில் அவருடைய கவிதைகளும் கட்டுரைகளும் வெளிவந்தன. அவர் உயிரோடிருந்த காலத்தில் வெளியான கவிதைத் தொகுதி ஒன்றே ஒன்று. அதுவும் வடபகுதி நகரமாகிய பாஸ்டனில், போர் மூள்வதற்குச் சற்று முன்னர் அச்சாயிற்று.

1861இல் தென் மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பு கண்டபோது டிம்ராட் அதன் கவிஞரானார். புதிய நாட்டின் பிறப்பைப் பாடிய ‘எத்னோஜெனிசிஸ்’, பருத்திக் காயைக் கையிலேந்தி நாட்டின் வளத்தைக் கனவு காணும் ‘தி காட்டன் போல்’, ‘கரோலினா’, ‘சார்ல்ஸ்டன்’ ஆகியன அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தன. போர்முனைக்குச் செல்லும் ஆசையும் இருந்தது. ஆனால் காசநோய் இடம் தரவில்லை. ‘சார்ல்ஸ்டன் மெர்க்குரி’ நாளிதழின் போர்ச் செய்தியாளராகச் சில காலம் பணியாற்றித் திரும்பினார். 1864ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மாநிலத் தலைநகராகிய கொலம்பியாவுக்குச் சென்று ‘சவுத் கரோலினியன்’ நாளிதழின் துணையாசிரியர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு பிப்ரவரியில் கேட் குட்வின் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். டிசம்பரில் ஆண் மகவு பிறந்தது.

கவிதைகளில் நாம் கேட்கும் குரல் ஊர் நடுவே நின்று பேசும் குரல். நாடு, கடல், வானம், வரலாறு என்று பெரியனவற்றையே விளித்துப் பேசும் அது. 1864இல் ஹேய்னுக்கு எழுதிய கடிதத்தில் ஒலிப்பதோ முற்றிலும் வேறானது. ஓராண்டாகக் கவிதையில் ஒருவரிகூட எழுதவில்லை என்கிறார். உள்ளத்திலிருந்த கவிதையெல்லாம் பத்திரிகை வேலையில் வற்றிப்போயிற்றோ என்று அஞ்சுகிறார். தலையங்கம் எழுதுவதோடு உள்ளூர்ச் செய்திப் பத்திக்கும் அவரே இறங்கி வந்து எழுத வேண்டியிருந்தது. ஆயினும் இக்கடிதம் புலம்பலாக முடியவில்லை. கவிஞன் என்பவன் கனவில் மிதப்பவன் என்று கருதும் உலகத்துக்கு, மந்த மதியினர் செய்யும் மாட்டுழைப்பைத் தானும் செய்ய முடியும் என்று காட்டிவிட்ட பெருமிதம் அதில் மெல்லத் தலைகாட்டுகிறது. தம்மையே நகைத்துக்கொள்ளும் இந்தத் தன்மையை அவருடைய கவிதைகளில் நாம் காண்பதரிது. கவிதைக்குள் நுழைய இடம் பெறாத டிம்ராட் ஒருவர் கடிதத்தில் வாழ்கிறார் என்பதற்கு இது முதற்சான்று.

1865 பிப்ரவரி 17ஆம் நாள் ஷெர்மனின் படை கொலம்பியாவுக்குள் புகுந்தது. அன்றிரவு நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. நாளிதழ்ப் பிழைப்பு குலைந்தது. அவ்வாண்டு அக்டோபரில், பத்து மாதமே வாழ்ந்த மகன் வில்லி இறந்தான். இதற்குப் பின்னர், 1866 மார்ச் 30ஆம் நாள் ஹேய்னுக்கு எழுதியதே டிம்ராடின் கடிதங்களுள் மிகுதியும் பேசப்படுவது. ஓராண்டுக் கதையைக் கேட்ட நண்பருக்கு அவர் அதனை ஐந்தே செய்திகளாகச் சுருக்கிவிடுகிறார்: இரந்து நிற்கும் நிலை, பசி, சாவு, துயரம், நம்பிக்கையின் முற்றழிவு. அதன்பின் கடிதத்தின் நடை திடீரென்று மாறுகிறது. வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்ட கணக்கை விருந்துப் பட்டியல் போல எழுதுகிறார். வெள்ளிக் கூசாக்களும், டசன் கணக்கில் வெள்ளி முட்கரண்டிகளும், சாய்விருக்கைகளும், எண்ணற்ற நாற்காலிகளும், பெரியதொரு கட்டிலும் தம் குடும்பத்தின் வயிற்றுக்குள் சென்றுவிட்டனவாம்!

இந்த நகைச்சுவையைப் படிக்குந்தோறும் நமக்குப் புறநானூற்று வறுமைப் பாடல்கள் நினைவில் எழுகின்றன. சமைப்பதை மறந்த அடுப்பில் காளான் பூத்த செய்தியைப் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் சொல்கிறார். அங்கும் வறுமை வீட்டுப் பொருளின் வாயிலாகவே பேசுகிறது. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு, அதுவே இன்றியமையாதது. சாத்தனாரின் பாடல் கொடுக்க வல்லான் ஒருவனை நோக்கிய பாடல். டிம்ராடின் கடிதமோ தம்மைப் போலவே உடைமை இழந்த ஒருவரை நோக்கியது. ஹேய்னின் சார்ல்ஸ்டன் இல்லமும் நூலகமும் போரில் அழிந்தன. ஜார்ஜியாவின் பைன் காட்டில் ‘காப்ஸ் ஹில்’ என்னும் எளிய மரவீட்டில் அவர் குடியேறியிருந்தார். வள்ளலிடம் சொல்லும் வறுமை இரக்கத்தை எழுப்ப வேண்டும். ஒத்த நிலையில் உள்ள தோழனிடம் சொல்லும் வறுமை அவனைச் சிரிக்கவும் வைக்கலாம். கட்டிலைத் தின்ற கதையில் உள்ள கசப்பான சிரிப்பு, கேட்போன் ஹேய்ன் ஆனதால் பிறந்தது. யாருக்கு எழுதப்பட்டது என்னும் முதல் வினாவின் பயன் இதுவே.

அதே கடிதத்தில் இன்னொரு தொடரும் உண்டு. நூறு டாலரைக் கையில் தருவாரானால், தாம் எழுதிய கவிதை அனைத்தையும் என்றென்றைக்கும் மறதிக்குத் தந்துவிடத் தாம் ஆயத்தம் என்கிறார் டிம்ராட். இதனை ஒரு கவிஞன் கவிதையைத் துறந்த வாக்குமூலமாகக் கொள்வோர் உளர். இரண்டாம் வினாவை, அதாவது நாளை, இங்கே எழுப்பிப் பார்ப்போம். கடிதம் எழுதியது 1866 மார்ச் மாத இறுதியில். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சார்ல்ஸ்டனின் மக்னோலியாக் கல்லறைத் தோட்டத்தில், போரில் இறந்தோரின் கல்லறைகளுக்கு மலர் அணிவிக்கும் நிகழ்ச்சிக்காக அவர் ஒரு சிறு பாடல் இயற்றினார். முழக்கம் அடங்கி, சொல் சுருங்கி, அமைதி குடிகொண்ட அப்பாடலையே அவருடைய படைப்புகளுள் தலைசிறந்தது எனத் திறனாய்வாளர் பலர் போற்றுகின்றனர். கவிதையை நூறு டாலருக்கு விற்கத் துணிந்தவர் மூன்று மாதத்துக்குள் தம் மிகச்சிறந்த கவிதையைப் படைத்தார்! ஆகவே அத்தொடர் துறவு அன்று, பசியின் பேச்சு. 1861இன் ஆரவாரம் 1866இல் அடங்கியதற்குக் காரணமான அனுபவத்தை அக்கடிதமே நமக்குக் காட்டுகிறது.

இனி மூன்றாம் வினா. இக்கடிதங்கள் முதலில் எவ்வாறு வெளிவந்தன? டிம்ராட் மறைந்தபின் 1873இல் ஹேய்ன் அவருடைய கவிதைகளைத் தொகுத்து நியூயார்க்கில் வெளியிட்டார். அந்நூலுக்கு எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் கடிதப் பகுதிகளை எடுத்தாண்டார். நட்பின் கடனை அவர் நிறைவாகவே தீர்த்தார், ஐயமில்லை. ஆனால் தோற்ற தென்னாட்டின் துயரத்துக்கு ஓர் உருவம் தேடிய காலம் அது. பசியும் நோயும் தின்ற கவிஞர் அவ்வுருவமாக அமைந்தார். 1901இல் சார்ல்ஸ்டனில் அவருக்கு மார்பளவு வெண்கலச் சிலை எழுந்தது. 1911இல் ‘கரோலினா’ மாநிலப் பாடலாயிற்று. 1941இல் ஜே ஹப்பெல் என்னும் பேராசிரியர் டிம்ராடின் இறுதி ஆண்டுகளைக் குறித்த கடிதங்களைத் தொகுத்துத் தனி நூலாக வெளியிட்டார். அதன் பின்னரே சிலைக்கு அப்பாலிருந்த மனிதரை, கூலிக்கு எழுதிக் களைத்த பத்திரிகையாளரை, வாசகர் நெருங்கிக் காண முடிந்தது.

அம்மனிதரை நெருங்கிக் காணும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. டிம்ராட் பாடிய பருத்தியைப் பறித்தவர் யார்? 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவின் மக்கள் 7,03,708 பேர். அவர்களுள் 4,02,406 பேர் அடிமைகள். ‘தி காட்டன் போல்’ கவிதையில் அந்தக் கருமை படிந்த விரல்கள் ஒரு கணம் தோன்றி, காயைக் கவிஞரிடம் கொணர்ந்து தந்துவிட்டு மறைகின்றன. அவ்விரல்களுக்கு உரியவர் பேசுவதில்லை. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை அம்மாநிலம் 1834இல் சட்டத்தால் தடை செய்திருந்தது. ஆகவே டிம்ராட் தம் பசியைக் கடிதத்தில் எழுதிவைத்தார். அவர் நாட்டின் செல்வத்தை விளைவித்தோருள் மிகப் பலருக்குத் தம் பசியை எழுதிவைக்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டது. இதனால் டிம்ராடின் துயரம் பொய்யாகிவிடாது. கடிதம் என்னும் சான்றும் ஒரு சலுகையே என்பதையும், கடித இலக்கியம் காட்டும் உலகம் எழுதத் தெரிந்தோரின் உலகமே என்பதையும் நாம் மறத்தலாகாது என்பதே கருத்து.

அந்தப் பருத்திக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. தென் மாநிலத் துறைமுகங்களை வடவர் கடற்படை முற்றுகையிட்டபோது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாய்த் துறைமுகத்தில் பணம் வெள்ளமாய்ப் புரண்டது. தூத்துக்குடி வழியே செல்லும் திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயின் பங்கு வாணிகம் நொறுங்கிப் பல குடும்பங்கள் நிலைகுலைந்தன. பருத்தியே உலகை ஆளும் என்ற தென்னாட்டார் கணிப்பைப் பொய்யாக்கியவற்றுள் இந்தியப் பருத்தியும் ஒன்று. கொலம்பியாவில் டிம்ராட் கட்டிலை விற்ற ஆண்டுகளும் பம்பாயில் செல்வர் கடனாளியான ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே.

டிம்ராடின் இறுதிக் காலக் கடிதங்கள் மேலும் சுருங்கி, மேலும் தெளிவு பெறுகின்றன. ஆளுநர் அலுவலகத்தில் கிடைத்த தற்காலிக எழுத்தர் வேலையைப் பற்றி எழுதுகையில், ஒருமுறை காலையில் தொடங்கிய வேலை மறுநாள் பொழுது புலரும்வரை நீண்டதைக் குறிப்பிடுகிறார். 1867இல் காப்ஸ் ஹில் சென்று ஹேய்னுடன் தங்கிப் பைன் மரநிழலில் சில நாள் இளைப்பாறினார். வீடு திரும்பிய பின் செப்டம்பரில் எழுதிய கடிதம், சில வரிகளுக்கு மேல் எழுத உடல் இடம் தரவில்லை என்று சொல்லி, நுரையீரலிலிருந்து குருதி பெருகிய செய்தியை அறிவிக்கிறது. அக்டோபர் 7ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

டிம்ராடின் கவிதைகளில் கணிசமானவை அவர் ஆதரித்த அரசியலோடு பழமையடைந்துவிட்டன. அடிமை முறையைக் காக்க எழுந்த ஒரு நாட்டின் புகழ்ப்பாடல்களை இன்று நாம் தயக்கமின்றிப் படிக்க இயலாது. கடிதங்களோ அவ்வாறு மூப்படையவில்லை. அவற்றில் கொடி இல்லை, முழக்கம் இல்லை. ஊதியம் வராத பத்திரிகையாளர் ஒருவர், பிள்ளையை இழந்த தந்தை ஒருவர், நண்பனை வருத்தாமல் தம் துன்பத்தைச் சொல்ல வழி தேடுகிறார். மக்னோலியாப் பாடலின் அமைதி அந்த முயற்சியில் விளைந்தது என்பதே நம் துணிபு. டிம்ராடைப் படிக்க விழைவோர் 1861இன் கவிதைகளிலிருந்து தொடங்காமல், 1866 மார்ச் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு அவ்வாண்டு ஜூன் மாதப் பாடலுக்குச் செல்வாராயின், பொதுமேடைக் கவிஞர் ஒருவர் மனிதர்பால் திரும்பிய வழியைத் தெளிவாகக் காண்பர்.